உரப் பாக்கி கேட்டதில் வந்த பின்தொடர்தல் வழக்கு: 18 மாதம் நான் அலைந்தது

கும்பகோணம் வட்டத்தில் உரமும் விதைநெல்லும் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்ததாகவும், கைப்பேசியில் மிரட்டல் அனுப்பியதாகவும் 2023 டிசம்பரில் என்மீது பதிவான வழக்கில் விடுதலை கிடைக்க 18 மாதங்கள் ஆயின. இதே நிலையில் யாரேனும் இருந்தால், நான் செய்த பிழைகளையாவது செய்யாதிருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் குறுவை கருகியது டெல்டாக்காரர்கள் அறிந்ததே. திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் குத்தகைச் சாகுபடி செய்த ஓர் அக்கா, ஆடுதுறை 43 விதையும் யூரியாவும் டிஏபியும் கடனுக்கு வாங்கிய வகையில் 38,400 ரூபாய் நிலுவை நின்றது. தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் பலமுறை கேட்டேன். மூன்று முறை வீட்டுக்கே போனேன். ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு, "பணம் வரலைன்னா வீட்டு வாசல்லயே வந்து உட்காருவேன்" என்று எழுதி அனுப்பினேன். அந்த வரியை எழுதியது என் தவறு. கணவர் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் ஒரு பெண் அதை எப்படிப் படித்திருப்பார் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அவர் புகார் கொடுத்தார். காவல் நிலையத்திலிருந்து "சும்மா விசாரணைதான், வந்துட்டுப் போங்க" என்று என்னை அழைத்தார்கள். பயத்தில் அன்றிரவே அவருடனான வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அழித்துவிட்டேன். இந்த வழக்கில் நான் செய்த ஆகப் பெரிய முட்டாள்தனம் அதுதான். "சம்பா அறுத்துத் தந்துடுறேன்" என்று அவர் அனுப்பிய பதில்களும் அதோடு போயின, நான் அழித்ததையே அரசு வழக்கறிஞர் பின்னர் எனக்கு எதிராகக் காட்டினார். மறுநாள் வழக்கறிஞர் இல்லாமல் தனியே போய், அங்கிருந்த எழுத்தர் சொல்லச் சொல்ல மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டேன். கைப்பேசியையும் ரசீது வாங்காமலே கொடுத்துவிட்டு வந்தேன். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்யாமல் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து அழைக்கலாம் என்பதையும், தேவையில்லாமல் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னதையும், காவலரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டியதில்லை என்பதையும் முன்பே அறிந்திருந்தால் அறிவிப்பைக் கேட்டு வாங்கியிருப்பேன்.

முதல் தகவல் அறிக்கையின் நகலுக்காக இரண்டு முறை அலைந்தேன். இணையத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண்களுக்கு எதிரான பாலியல் தன்மையுள்ள குற்றங்களின் அறிக்கைகளை இணையத்தில் ஏற்றுவதில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு இரண்டு வேலை நாட்களில் நகல் பெறலாம் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் வழிவகுத்திருக்கிறது. என் வழக்கறிஞர் அப்படித்தான் வாங்கினார். இந்திய தண்டனைச் சட்டம் 354டி (பின்தொடர்தல்), 506(1) (மிரட்டல்), தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டுப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் பிரிவு 4 ஆகியவை அதில் இருந்தன. 354டி முதல் முறையென்றால் ஜாமீனில் விடத்தக்கது. மாநிலச் சட்டத்தின் பிரிவு 4 அப்படியல்ல என்பதால் முன்ஜாமீன் தேவைப்பட்டது.

இங்கேதான் ஒரு வீண் பயணம். உறவினர் ஒருவர் பேச்சைக் கேட்டு, தஞ்சாவூர் மாவட்டத்துக்காரன் என்ற நினைப்பில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப் போட விடியற்காலைப் பேருந்தில் மதுரைக்குப் போனேன். அங்கிருந்த வழக்கறிஞர் அறிக்கையின் முதல் கட்டத்தில் விரலை வைத்தார்: "மாவட்டம்: திருவாரூர்." தஞ்சாவூரும் திருச்சிராப்பள்ளியும் மதுரைக் கிளைக்கு உட்பட்டவை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகியவை சென்னைக்கு உட்பட்டவை. நாம் குடியிருக்கும் ஊரை வைத்து அல்ல, வழக்குப் பதிவான காவல் நிலையத்தை வைத்தே நீதிமன்றம் அமையும். கடைசியில் திருவாரூர் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்திலேயே முன்ஜாமீன் கிடைத்தது.

உத்தரவு கிடைத்த 15 நாளுக்குள் இரண்டு ஜாமீன்தாரர்களை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. என் சித்தப்பா மகனின் வீட்டு வரி ரசீது இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்ததால் 11-ஆம் நாள் திருப்பி அனுப்பினார்கள். வேறொருவரைத் தேடிப் பிடித்து 14-ஆம் நாள் மாலைதான் பிணைப்பத்திரம் ஏற்கப்பட்டது. இதற்கிடையில் என் மாமா, நல்லது செய்வதாக எண்ணி, அந்த அக்காவின் வீட்டுக்கே சமாதானம் பேசப் போய்விட்டார். சாட்சியைக் கலைக்க முயன்றதாக அந்த அக்கா புதிய மனுக் கொடுக்க, என் ஜாமீனே ரத்தாகும் நிலை வந்தது. புகார் கொடுத்தவரிடம் நீங்களோ உங்கள் வீட்டாரோ ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள். எதுவானாலும் வழக்கறிஞர் வழியாகவே போகட்டும்.

சம்பவம் 2023-இல் நடந்ததால் பழைய சட்டங்களின்படியே விசாரணை நடந்தது. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றமென்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு வரும். பின்தொடர்தல் குற்றம் நிற்க, தனிப்பட்ட பழக்கத்தை வளர்க்கும் நோக்கமும், அந்தப் பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் மீண்டும் மீண்டும் தொடர்புகொண்டதும் நிரூபிக்கப்பட வேண்டும். எங்கள் எதிர்வாதம் முழுவதும் இந்தச் சொற்களின் மீதே நின்றது.

அதற்குக் கைகொடுத்தது கடையின் கடன் நோட்டு. உரத்தூசி படிந்து ஓரம் மடங்கிய அந்தப் பக்கத்தில், "யூரியா 6, டிஏபி 3" என்ற வரிக்கு நேராக அவருடைய கையெழுத்து ஊதா மையில் இருந்தது. அழைப்பு விவரப் பதிவுகளைத் தொலைபேசி நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகள்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டவை என்பதால், அவற்றை வரவழைக்க வழக்கறிஞர் முன்கூட்டியே மனுப் போட்டார். சான்றிதழோடு வந்த அந்தப் பதிவில், அவரே என்னை 11 முறை அழைத்திருந்தது தெரிந்தது. அரசுத் தரப்பு கொண்டுவந்த மூன்று ஸ்கிரீன்ஷாட் அச்சுகளுக்கு, மின்னணுப் பதிவுகளுக்காகச் சாட்சியச் சட்டம் 65பி கேட்கும் சான்றிதழ் இல்லை. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. அந்த அச்சுகளைச் சான்றாவணமாகக் குறியிடும் நேரத்திலேயே என் வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபித்துப் பதிவு செய்யச் சொன்னார். அந்த நேரத்தில் வாளாவிருந்துவிட்டுப் பிறகு வாதாடுவது கடினம்.

குறுக்கு விசாரணையில் என் வழக்கறிஞர் குரலை உயர்த்தவே இல்லை. "இவர் உங்களிடம் பாக்கியைத் தவிர வேறு எதையாவது கேட்டாரா?" என்றார். அந்த அக்கா சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "இல்லீங்க" என்றார். கூண்டில் நின்ற என்னால் அப்போது அவர்மீது கோபப்பட முடியவில்லை.

தீர்ப்பின் சான்றிட்ட நகல்கள் மூன்று வாங்கியிருக்கிறேன். கைப்பேசி திரும்பி வந்துவிட்டது, பேட்டரி உப்பிப்போய். கடன் நோட்டு இன்னும் நீதிமன்றத்தில் வழக்கு ஆவணங்களோடுதான் இருக்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அதைத் திரும்பப் பெற மனுப் போட வேண்டும். பாக்கிக்கு மூன்றாண்டு காலவரம்பு முடியுமுன் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவதென்றால், அந்த ஒரு பக்கம் எனக்கு வேண்டும்.