காந்தல் குருசடியும் அழியாத உடல்களும்

ஊட்டி காந்தல் குருசடிக்குப் போனால் என் கால்கள் தானாகவே அருளிக்கத்தின் முன்னால் போய் நின்றுவிடும். ஆண்டவர் தொங்கிய திருச்சிலுவையின் சிறு துண்டு அது. இந்த முறை தூத்துக்குடிப் பெரியம்மாவும் வந்திருந்தார். குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்தியபடி முழந்தாளிட்டவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

வெளியே மெழுகுதிரி ஏற்றும்போதுதான் கேட்டார்: "சவேரியார் உடம்பு அழியலியே. அப்போ அழிஞ்சுபோன புனிதருங்க எல்லாம் குறைஞ்சவங்களா?"

பலர் மனதில் இருக்கும் கேள்வி இது. கோவாவில் உடல் வைக்கப்பட்டிருக்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையருகே சான்சியான் தீவில் இறந்தார். சதை சீக்கிரம் கரைந்தால் எலும்பை எடுத்துப்போகலாம் என்று பெட்டிக்குள் சுண்ணாம்பைக் கொட்டித்தான் புதைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால் உடல் அப்படியே இருந்தது! மலாக்கா வழியாக 1554-இல் கோவா வந்து சேர்ந்தது. இன்று அது காய்ந்து சுருங்கியிருக்கிறது, உண்மைதான். லூர்தில் மாதாவின் காட்சி கண்டவரும், பிரான்சின் நெவேர் நகரில் உடல் இருப்பவருமான பெர்னதெத்தம்மாளின் முகத்திலும் கைகளிலும் மெழுகு உறை உண்டு. இதையெல்லாம் சொல்வதால் விசுவாசம் குறைந்துவிடாது. உடல் அழியவில்லை என்பதற்காக மட்டும் திருச்சபை யாருக்கும் புனிதர் பட்டம் தருவதில்லையே.

பிரான்சின் லிசியே மடத்துக் கன்னியாஸ்திரீ குழந்தை தெரசம்மாளின் கல்லறையை 1910-இல் திறந்தபோது எலும்புகள்தான் கிடைத்தன. 1925-இல் அவர் புனிதர். நம் கோடி அற்புதர் அந்தோணியாரின் கல்லறையை, அவர் இறந்து 32 ஆண்டுகள் கழித்து 1263-இல் திறந்தார்கள். உடல் மண்ணாகியிருந்தது, பிரசங்கித்த நாக்கு மட்டும் அழியவில்லை. "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்" என்று, அதாவது இறந்தவர்கள் உடலோடு எழுவார்கள் என்று நம்புவதாகச் சொல்கிறோமே, அழிந்ததும் அழியாததும் அந்த நாளில் ஒன்றுபோல எழும். அதற்கு ஆண்டவர் காட்டும் அச்சாரம்தான் இந்த உடல்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

சவேரியாரின் வலக்கை மட்டும் ரோமில் இருப்பதைச் சொன்னேன். 1614-இல் வெட்டி அனுப்பியது. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோன கை. பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க பாட்டன் பூட்டன் தலையில தண்ணி ஊத்துன கையாச்சே!"

கோவாவில் உயரே வெள்ளிப் பேழைக்குள் இருக்கும் உடலைப் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் கீழே இறக்கிக் காட்டுவார்கள், கடைசியாக 2024-இல் இறக்கினார்கள், இனி அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும் என்றேன்.

"அது வரைக்கும் நான் இருப்பனோ என்னவோ. வெள்ளிப் பேழையை அண்ணாந்து பாத்து செபிச்சாலே போதும், நீ டிக்கெட் போடு."