வலது மூலையில் ஒரு பெயர்

உயர்தர வகுப்புக்கு வந்த பிறகுதான் எங்கள் கல்லூரி நூலகத்தின் கண்ணாடி அலுமாரி எங்களுக்குத் திறந்தது. அதற்குள் கிடந்த கனத்த புத்தகங்களில் ஒன்று, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘டிவைன் கொமெடி’ காவியத்தின் முதற்பகுதியான ‘நரகம்’. கேரியின் ஆங்கில மொழிபெயர்ப்போடு பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தொரேயின் படங்களும் சேர்ந்த பழைய பதிப்பு. கவிதையை ஆர் வாசித்தது! பொடியள் கூடினதெல்லாம் படத்துக்குத்தான்.

சித்திர பாட சேர் அதைக் கண்டுவிட்டார். பறிப்பார் என்று நினைத்தோம். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தார். “கீறினது தொரே. வெட்டினது ஆரெண்டு வலப்பக்க மூலையைப் பாருங்கோ தம்பியவை.” பல படங்களில் அங்கே பிசான் என்ற பெயர் பொடி எழுத்தில் இருந்தது. ஹெலியோதோர் பிசான், தொரேயின் படங்களை மரத்தில் வெட்டியவர்களில் முதன்மையானவர்.

அந்த வேலையை சேர் விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது. பொக்ஸ்வூட் மரத்தைக் குறுக்கே அறுத்து, முகத்தை வழவழப்பாக்கி, அதன்மேல் தொரே தூரிகையால் நேரே வரைவார். வெளிச்சம் வேண்டிய இடத்தை வெட்டுபவர் சிற்றுளியால் எடுத்துவிடுவார். உளி படாத மரம் மை வாங்கிக் கறுப்பாக விழும். ஆகவே தொரேயின் நரகத்து இருட்டெல்லாம் வெட்டாமல் விட்ட மரம். சாம்பல் நிறமென்று ஒன்றே கிடையாது. கண்ணாடியில் பார்த்தால் அடுக்கடுக்காகக் கோடுகள். வெட்ட வெட்டத் தொரே வரைந்தது அழிந்துகொண்டே போகும். மிஞ்சுவது பிசானின் கைவேலை.

இந்தப் படங்களோடு 1861இல் பாரிஸில் முதன்முதல் வெளிவந்த நூலுக்குத் தொரேதான் கைக்காசு போட்டார். இவ்வளவு விலையுயர்ந்த புத்தகத்தை ஆர் வாங்குவார் என்று ஹஷெத் பதிப்பகம் தயங்கியதாம். அப்போது தொரேக்கு 29 வயது. புத்தகம் நன்றாகவே விற்றது.

தாந்தே 1302இல் பிளோரன்ஸிலிருந்து துரத்தப்பட்டு, திரும்பிப் போகாமலே 1321இல் ராவென்னாவில் கண்மூடியவர். ஊர்க்காரர் பலரைப் பெயர் சொல்லியே நரகத்தில் போட்டுவிட்டார்! அந்தக் கோபம் நமக்குப் புரியாததல்ல.

லண்டனுக்கு வந்த பின், 2001இல் றோயல் அக்கடமியில், பழைய பிளோரன்ஸ் ஓவியர் பொத்திச்செல்லி தாந்தேக்கு வரைந்த சித்திரங்களைப் பார்த்தேன். தோல் தாளில் மெல்லிய கோடு. ஒரே தாளில் தாந்தேயும் அவருக்கு நரகத்தில் வழிகாட்டும் வெர்ஜிலும் நாலைந்து தரம் நடந்து வருகிறார்கள். தொரே அப்படிச் செய்யமாட்டார், ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்திவிடுவார். பொத்திச்செல்லியை ஒட்டி பால்தினி வெட்டியவை எனக் கருதப்படும் செம்புத் தகட்டுப் படங்கள் 1481இல் பிளோரன்ஸில் அச்சான பதிப்புக்கானவை. முழுக் காவியத்தின் 100 காண்டங்களுக்கு 19 படங்களோடு வேலை நின்றுபோனது. அச்செழுத்து மேடு, செம்பில் வெட்டிய கோடு பள்ளம். ஒரே தாளை இரு முறை வேறு வேறாக அழுத்த வேண்டும். பல பிரதிகளில் படத்துக்கு விட்ட இடம் வெறுமையாகவே கிடக்கிறது.

என் மனம் என்னவோ தொரேயிடம்தான். ‘நரகம்’ பகுதியின் 13ஆம் காண்டத்தில் தற்கொலை செய்தவர்கள் மரங்களாகி நிற்பார்கள். கிளையை ஒடித்தால் இரத்தம் வடியும், மரம் பேசும். பட்டையிலுள்ள சுருக்கங்களை எந்தக் கோட்டில் முகமாக மாற்றினார்கள் என்று இன்றும் பிடிபடவில்லை. நரகத்தின் அடியில் நெருப்பில்லை, உறைந்த ஏரி. அங்கே பனிக்கட்டி, தலைகள், கறுத்த வானம் எல்லாமே கோடுதான்.

மலிவு மறுபதிப்புகளில் இந்தக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரிப்பூச்சாகிவிடும். வாங்க நினைப்பவர்கள் முதலில் அந்த ஏரிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கோடு கோடாகத் தெரிந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.