மலைக்கோவிலுக்கு ஒரு சொம்பு பால்

மொரீஷியஸில் காத்ர் போர்ன் ஊருக்கு மேலே, கோர் தெ கார்த் மலைச்சரிவில் முருகன் இருக்கிறான். படியேறித் திரும்பினால் ஊர் முழுக்கக் கீழே தெரியும். பக்கத்து ஊரான போ பாசேனில் பிரவுன் செக்கார் மனநல மருத்துவமனை. 1817இல் போர்ட் லூயியில் பிறந்த பெரிய நரம்பியல் அறிஞரின் பெயர் அது. ஊர்வாயில் அந்தப் பெயரே கேலிச்சொல்லாகிவிட்டது. அங்கே வருஷக்கணக்கில் போய்வந்த சித்தப்பாவோ அத்தையோ காலமான பிறகும் வீட்டில் அவர் பெயரைத் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் நினைவாகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

முதலில் திதி. இறப்புச் சான்றிதழில் இருப்பது ஆங்கிலத் தேதி. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தை அப்படியே பார்த்தால் நாள் மாறிப்போகும், ஏனென்றால் நம் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு 12.40க்கு முடியும் திதி இங்கே முந்தின நாள் 11.10க்கே முடிந்துவிடும். இறந்த நாளே தெரியாதவருக்கு ஆடி, மகாளய, தை அமாவாசைகள் உண்டு. அர்ச்சனை உயிரோடிருப்பவர் பெயருக்கு. காலமானவர் பெயரில் அன்னதானம். ஒருவர் காலமான முதல் வருஷம் காவடி, பால்குடம் எடுக்காத குடும்பங்களே அதிகம்.

பால்குடத்தில் பெரிய பயம் பால் திரிவது. திரிந்தால் ‘விரதத்தில் குறை’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ‘நாம் செய்த பாவத்தால்தான் அவருக்கு அந்த நோய் வந்தது’ என்று ஏற்கெனவே குமைகிற வீட்டுக்கு அந்த ஒரு சொல் போதும். காரணம் பெரும்பாலும் சொம்பில் இருக்கும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்போம். கழுத்து மடிப்பில் ஒட்டிய புளி இங்கத்திய தை மாதக் கோடை வெயிலில் பாலைத் திரித்துவிடும். மூன்று நான்கு தரம் அலசி, துணியால் துடைத்து, கவிழ்த்துக் காயவையுங்கள். முக்கால் சொம்புக்கு மேல் ஊற்ற வேண்டாம். வாயை வாழையிலையால் மூடி, மஞ்சள் துணி சுற்றிக் கட்டுங்கள். புறப்படும் முன் ஊற்றினால் போதும், இரவே நிரப்பி வைக்க வேண்டாம்.

இனி முக்கியமானது. இந்த மனநோய் சில குடும்பங்களில் ஒருவரோடு நிற்பதில்லை. குடம் சுமக்கும் தங்கையோ மகனோ அதே மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்கலாம். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம்; அதில் உப்பைக் குறைப்பவர்களும் விடுபவர்களும் உண்டு. மனநோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைச் செய்யவே கூடாது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்து, ரத்தத்தில் அளவு ஏறும். வாந்தி, கை வெடவெடப்பு, குழறும் பேச்சு, தள்ளாட்டம். கூட்டத்தில் தள்ளாடினால் ‘சாமி வந்திருக்கு’ என்று வேப்பிலையோடு சுற்றி நின்றுவிடுவார்கள். அந்த நிமிஷமே வரிசையிலிருந்து விலக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

க்ளோசபின் என்ற இன்னொரு மனநல மாத்திரை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது, மருத்துவர் 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவார். ‘விரதத்தில் மாத்திரை வேண்டாம்’ என்று எந்த ஆகமமும் சொன்னதில்லை. குளோர்ப்ரோமசின் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவர் தோல் வெயிலில் சீக்கிரம் பொரியும். தோளை மூடித் துணி போர்த்துங்கள். இத்தகைய மருந்துகள் சிலவற்றில் வியர்வையும் குறையும், சூடு உடம்பிலேயே தங்கிவிடும். நாக்கில் அலகு குத்தினால் கோவில் சேரும்வரை தண்ணீர் குடிக்க முடியாது என்பதால் இவர்களுக்கு அலகு வேண்டாம். பால்குடமே போதும், முருகன் கணக்குப் பார்ப்பவன் இல்லை. கூட ஒருவர் தண்ணீர்ப் புட்டியோடு நடக்கட்டும்.

‘அரோகரா’ முழக்கத்தில் படி ஏறுவது தெரியாது. சொம்பின் துணி அவிழ்ந்து, வெள்ளையாகவே பால் வேல்மேல் வழிகையில் பல கண்கள் நிறைந்துவிடும்.

பிறகு வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாடு. அன்னதானத்துக்குப் பணம் கட்டும்போது யார் நினைவாக என்று கேட்பார்கள். ‘குடும்பத்தார்’ என்று மழுப்பாமல் முழுப்பெயரைச் சொல்லுங்கள். பிரெஞ்சு எழுத்தில் நம் பெயர்கள் நசுங்கிக் கிடக்கின்றன. முருகன் என்பது சான்றிதழில் ‘மூர்கன்’ மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறவர் ‘மூர்க்கன்’ என்று எழுதிவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.