வடம் பிடித்து ஏற்றிய பாய்

வேலூர்க்காரனுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? பாலாற்றில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது. 2021 நவம்பர் வெள்ளத்தை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் இருக்கும் அக்கா, "பாய்மரக் கப்பல்ல ஒரு சுற்று போகலாம்மா" என்றதும், காட்பாடியிலிருந்து என்னோடு வந்திருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஆழம் எவ்வளவுடி இருக்கும்?"

கப்பலின் பெயர் கலிஃபோர்னியன். 1984-ல் கட்டியதுதான். ஆனால் உருவம் பழசு. கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஆட்கள் படையெடுத்த காலத்தில் அந்தக் கரையோரம் ரோந்து சுற்றிய சி. டபிள்யூ. லாரன்ஸ் என்ற அரசுக் கப்பலின் மாதிரி. இரண்டு பாய்மரங்கள், மரத்தளம், எங்கு பார்த்தாலும் கயிறு. அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகம் இதை ஓட்டுகிறது. கப்பலாட்களில் நிறையப் பேர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

துறையிலிருந்து இன்ஜினில்தான் கிளம்பினோம். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் பாய் ஏற்றக் கைகொடுக்க யார் வருகிறீர்கள் என்று கூப்பிட்டார்கள். வள்ளிமலைத் தேருக்கு வடம் பிடித்த கை சும்மா இருக்குமா? போய் நின்றேன்.

பாயின் மேல் விளிம்பை ஒரு நீளக் கட்டை தாங்குகிறது. அதன் ஒரு முனை பாய்மரத்தை ஒட்டி, மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டு. இரண்டு முனைக்கும் தனித்தனி வடம், தனித்தனி ஆட்கள். கட்டை மட்டமாக ஏற வேண்டும். எங்கள் பக்கம் உற்சாகத்தில் வேகமாக இழுத்துவிட, ஒரு சின்னப் பெண் "நிறுத்து" என்று அதட்டினாள். அங்கே அவள்தான் அதிகாரி. கட்டை உச்சிக்கு நெருங்கும்போது உள்ளங்கை எரிந்தது. எனக்குப் பின்னால் நின்ற தாத்தா அசராமல் இழுத்தார்.

பிறகு இன்ஜினை நிறுத்தினார்கள். கப்பல் லேசாக ஒருபக்கம் சாய்ந்து, காற்றிலேயே போக ஆரம்பித்தது. பேச்சுக் குரலும் பக்கத்தில் தண்ணீர் கிழிபடும் சத்தமும்தான். மிட்வே என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலைத் தாண்டினோம். மிதவையில் படுத்திருந்த கடல் சிங்கங்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அம்மா பயம் மறந்து எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்துவிட்டாள். வெயில் இருந்தும் காற்று குளிர்ந்தது. போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய பிறகுதான் எனக்கு முக்கியமான விஷயம் கிடைத்தது. அதே துறையில் நிற்கும் ஸ்டார் ஆஃப் இந்தியா என்ற கப்பல், பழசைப் பார்த்துச் செய்த நகல் இல்லை, 1863-ல் கட்டிய அசல் இரும்புக் கப்பல். அப்போது பெயர் யூடெர்ப்பி. 1865-ல் நம் மெட்ராஸுக்கு அப்பால் வங்கக் கடலில் புயலில் மாட்டி, பாய்மரங்களை வெட்டித் தள்ளி, திரிகோணமலைக்கும் கல்கத்தாவுக்கும் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"நம்ம கடல்னா சும்மாவா!" என்றாள் அம்மா. அக்காவுக்கு அது பெரிதாகப் படவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் கப்பலைக் கடந்துதான் வேலைக்குப் போகிறாளாம்.