எழுவான்கரையும் படுவான்கரையும் ஒரே சதுரத்தில்

காலநிலையைக் கணித்துக் காட்டும் கணினி மாதிரிகள் சொல்வதை அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. அவை பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். உலக மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டம் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் அகலம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, வாவி, மேற்கே படுவான்கரை வயல், அம்பாறைக் காடு எல்லாம் அதற்குள் ஒன்றாகிவிடும். வரைபடத்தைக் காட்டியபோது வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கும் எங்கள் வட்டவிதானையார் கேட்டார்: "தம்பி, இதுக்குள்ள உன்னிச்சைக் குளம் எங்க கிடக்கு?" குளமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. பெரும்பாலான மாதிரிகளுக்கு நீர்ப்பாசனமே தெரியாது.

ஆண்டுச் சராசரி வெப்பநிலை பொருந்தினால் போதும் என்று மாதிரிக்குப் புள்ளி போடுபவர்கள் உண்டு. கரையோரத்தில் அது பெரிய வித்தையல்ல. பாதி வேலையைக் கடல் செய்துவிடும். நான் முதலில் திறப்பது யூலை மாதத்தை. மலைநாட்டைக் கடந்து இறங்கும் கச்சான் என்ற தென்மேல் காற்று, காய்ந்து சூடாகி வந்து அடிக்கும் காலம். அதே வேளை சேனநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளத்துத் தண்ணீரில் அம்பாறையின் சிறுபோக (வரண்ட பருவ நெற்செய்கை) வயல்கள் நனைந்து கிடக்கும். அங்கே விழும் வெயிலில் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும்; தரை அவ்வளவு சுடாது. பாசனம் அறியாத மாதிரியோ அதைக் காய்ந்த நிலமாக எண்ணி அளவுக்கு மேல் சூடாக்க வேண்டும்.

ஒரு மாதிரி அப்படிச் செய்யவில்லை. அதன் யூலை வெப்பநிலை அளவீட்டோடு அழகாகப் பொருந்தியது. சந்தேகப்பட்டு மழையைத் தனியே எடுத்துப் பார்த்தேன். இலங்கையின் மிக உயர்ந்த மலையான, 2,524 மீற்றர் உயரப் பீதுருதாலகாலை கட்டச் சராசரியில் கரைந்து வெறும் மேடாகியிருந்தது. மலை தாழ்ந்ததால், அது மழையைத் தடுத்து இந்தப் பக்கத்தைக் காயவைக்கும் மழை மறைவும் மங்கி, மாதிரியில் ஓயாத சிறுதூறல். வாய்க்கால் தராத ஈரத்தை, பெய்யாத மழை கொடுத்திருக்கிறது! இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அழித்து விடை மட்டும் சரியாக வந்துவிட்டது.

வெப்பநிலையை இப்போது தனியே மதிப்பிடுவதில்லை. மழை, ஆவியாகிப் போகும் நீர், மண் ஈரலிப்பு மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். மண் ஈரலிப்பு வில்லங்கம் பிடித்தது. 2015இல் ஏவப்பட்ட நாசாவின் ஸ்மாப் செய்மதி மேல் 5 சென்ரிமீற்றர் மண்ணைத்தான் நேரடியாக உணரும். மாதிரிகளின் மேலடுக்கோ ஆளுக்கொரு தடிப்பு. அதனால் எண்ணுக்கு எண் வைக்காமல், வழமையைவிட எவ்வளவு ஏறியது, மழை விட்டபின் எவ்வளவு வேகமாகக் காய்ந்தது என்றே பார்க்கிறேன். (செய்மதி அளக்கும் தரை வெப்பத்தையும் நிலையங்கள் நிழலில் அளக்கும் காற்று வெப்பத்தையும் ஒன்றாகக் குழப்பும் அறிக்கைகள் இன்னும் என் மேசைக்கு வருகின்றன.)

அந்த மாதிரியை நான் தூக்கி எறியவில்லை. வடகீழ்ப் பருவமழை தொடங்குவதை ஓரளவு நன்றாகவே காட்டுகிறது. அந்த மழையில் செய்யும் பெரும்போகக் கணக்குக்கு எடுப்பேன். சிறுபோக வரட்சியைப் பற்றி அதனிடம் கேட்கமாட்டேன்.