கடலுக்கு விலை கேட்காமல் ஓர் ஆய்வேடு: ராமநாதபுரம் கரைக்குக் களப்பணிக்கு வருகிறவர்களுக்கு

முதுகலை ஆய்வேட்டுக்கோ பிஎச்.டி.க்கோ 'சூழலமைப்புச் சேவைகள்' (இயற்கை மனுஷருக்குச் செய்துகொடுக்கும் வேலைகள்) என்று தலைப்பு எடுத்துவிட்டு ராமநாதபுரம் பக்கம் வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: கேள்வித்தாள் இருந்தால் அனுப்புங்க அக்கா. அனுப்புகிறேன், அதில் சிரமம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு பாம்பனில் இறங்கினால் சாயங்காலத்துக்குள் எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும், ஆய்வேட்டில் எழுதத்தான் ஒன்றும் இருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் படிப்பு. எல்லாரும் 1997-இல் ராபர்ட் கோஸ்டான்சா குழு 'நேச்சர்' இதழில் போட்ட கணக்கிலிருந்து தொடங்குவார்கள். உலகத்து இயற்கை ஆண்டுக்குச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் பெறுமான வேலையை நமக்குச் செய்துகொடுக்கிறது என்ற கணக்கு அது. அப்புறம் 2005-இல் வந்த மில்லினியம் சூழலமைப்பு மதிப்பீடு. மீன், பாசி மாதிரி கையில் கிடைப்பவை, அலையைத் தடுப்பது மாதிரி ஒழுங்குபடுத்துபவை, பண்பாடு சார்ந்தவை, இவை எல்லாவற்றையும் கீழே இருந்து தாங்குபவை என்று நான்கு வகை. நெட் தேர்வு எழுதுகிறவர்கள் இந்த நான்கையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். களத்துக்குப் போகிறவர்களுக்கு அது போதாது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் கய் சான் என்கிற நிலைத்தன்மை அறிவியலாளர், வேறு பலரோடு சேர்ந்து 2016-இல் பி.என்.ஏ.எஸ். இதழில் எழுதிய கட்டுரையை முதலில் படியுங்கள். சின்னக் கட்டுரைதான். இயற்கை எனக்கு என்ன தருகிறது என்பது ஒரு மதிப்பு. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கென்று இருப்பது இன்னொரு மதிப்பு. இரண்டிலும் அடங்காமல், ஒரு இடத்தோடு மனுஷருக்கு இருக்கிற பந்தம், கடமை, பொறுப்பு என்று மூன்றாவதாக ஒன்று. அதைத்தான் உறவு மதிப்பு என்கிறோம். 2022-இல் ஐ.பி.பி.இ.எஸ். என்கிற, பல்லுயிர் பற்றி அரசுகள் சேர்ந்து நடத்தும் அறிவியல் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கையிலும் இந்த மூன்றும் அடிப்படையாக வருகின்றன, ஆகவே கைடு 'இது புதுசா இருக்கே' என்று இழுத்தால் அந்த அறிக்கையைக் காட்டிவிடலாம்.

கய் சானுடைய குழு கனடாவின் வான்கூவர் தீவின் வடபகுதியில், கடலை நம்பி வேலை செய்கிறவர்களிடம் வரைபடத்தை விரித்து எந்த இடம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்ட ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. இடத்தைப் பற்றி நன்றாகப் பேசியவர்களே அதற்கு மதிப்பெண் போடச் சொன்னபோது மறுத்த கதை அதில் உண்டு. நம் கரைக்கு வருகிறவர்களுக்கு ரொம்ப உதவும்.

இங்கேயும் அதுதான் நடக்கும், வேறு விதமாக. 'இந்தப் பவளப்பாறையைக் காப்பாற்ற மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்' என்ற கேள்வியை என் தாளிலும் வைத்திருந்தேன், எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற கேள்விதான். சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் ஒரு ஆச்சி அதைக் கேட்டுவிட்டு, "குடுக்குறது இருக்கட்டும், யாருகிட்டத்தா குடுக்கணும்?" என்றார். எத்தனை ரூபாய் என்பதைவிட அது யார் கைக்குப் போகும் என்பதுதான் அவருக்கு முக்கியம். அந்தப் பதிலுக்கு என் தாளில் கட்டமே இல்லை, ஓரத்தில் எழுதிக்கொண்டேன். விலைக் கேள்வியை எடுத்துவிடச் சொல்லவில்லை, வையுங்கள், ஆனால் கடைசியில் வையுங்கள், தொகையோடு சேர்த்து அவர்கள் திருப்பிக் கேட்பதையும் எழுதுங்கள்.

முதல் கேள்வியாக நான் வைக்கச் சொல்வது இது: எப்போது போகமாட்டீர்கள், எதை எடுக்கமாட்டீர்கள்? கடல் உங்களுக்கு என்ன என்று கேட்டால் எல்லாரும் 'கடல்தான் தாய்' என்பார்கள். பொய்யில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட எழுத முடியாது. எதை விட்டுவைக்கிறார்கள் என்று கேட்டால்தான் பேச்சு திறக்கும். ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்குப் படகு இறங்காது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெள்ளிக்கிழமை தொழுகை, தங்கச்சிமடம் பக்கம் ஞாயிறு. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று ஒரு முறை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. இதில் எது அரசு போட்டது, எது ஊர் போட்டது, எது யாரும் போடாமலே நடக்கிறது என்று பிரித்துக் கேட்டீர்களானால் பாதி ஆய்வேடு அங்கேயே இருக்கிறது.

பாசி எடுக்கும் பெண்களிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். செருப்புக்கு அடியில் அலுமினியத் தகடு, விரல்களில் சுற்றிய துணி, கண்ணாடி, இடுப்பில் கட்டிய பை, இவ்வளவுதான் சாமான். மூச்சடக்கிக் குனிந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே ஒடிக்கிறார்கள். ஒருகாலத்தில் இரும்புச் சுரண்டி வைத்துச் சுரண்டினார்கள், பாறையோடு பெயர்ந்து வந்தது, இப்போது வேரை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் எடுக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள் மட்டும்தான் போவது, தடைக்காலத்தில் ஒன்றரை மாதம் நிறுத்துவது என்பதெல்லாம் அவர்களே பேசி வைத்துக்கொண்டது. இதை எந்த மதிப்பில் சேர்ப்பீர்கள்? அடுத்த மாதமும் பாசி வேண்டும் என்பது பயன். எல்லாரும் ஒத்துக்கொண்டதை மீறக்கூடாது என்பது உறவு. 'வேரை வுட்டாத்தான அதுவும் பொழைக்கும்' என்று ஒருவர் சொன்னார், அதில் பாசிக்கென்றே இருக்கிற மதிப்பும் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது. பேட்டியில் வந்த வாக்கியங்களுக்கு எந்த மதிப்பு என்று குறியிடும்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரே குறி என்று கட்டாயப்படுத்தாதீர்கள். ஒன்றுக்கு மேல் குறி விழுந்த வாக்கியங்களைத் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள், என் ஆய்வேட்டின் உருப்படியான அத்தியாயம் அப்படித்தான் வந்தது.

கரைக்குத் திரும்பினவுடன் போய்ப் பேட்டி கேட்காதீர்கள், குளிரில் உதடு நடுங்கிக்கொண்டிருக்கும். பாசியைக் காயப்போட்டுக் கல்லும் சிப்பியும் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது போய் உட்கார்ந்து நீங்களும் பொறுக்குங்கள். ஆண்களிடம் என்றால் வலை பொத்தும் நேரம். காற்றையும் நீவாட்டையும் (நீரோட்டத்தையும்) தெரிந்துகொள்ளாமல் பேட்டிக்கு நாள் குறிக்க முடியாது: தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும், வாடைக்காற்று, அதாவது வடகிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அப்படியே மாறும். ராமேஸ்வரத்துக்காரர்கள் ஒன்றை ஆண் கடல், இன்னொன்றைப் பெண் கடல் என்பார்கள். இரண்டு கரையையும் ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டால் ஏதாவது ஒரு கரையில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அதுவும் நல்லதுதான், பேச ஆள் கிடைக்கும், ஆனால் வேலையைப் பார்க்க முடியாது.

இனி வருவது பல கைடுகள் சொல்லாத விஷயம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகள், அதில் மண்டபம், கீழக்கரைக் குழுக்களில் தலா 7. இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள். தீவுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும், ஊர்க்காரர்களுக்கும் கெடுபிடி உண்டு. கடல் அட்டை 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் போனது, பிடித்தால் வழக்கு. ஆக நீங்கள் வரைபடத்தை விரித்து 'எந்த இடத்தில் எடுப்பீர்கள்' என்று கேட்டு அவர்கள் நம்பி விரல் வைத்தால், அந்த விரல் வைத்த இடம் நாளைக்கு அவர்களுக்கே எதிராகத் திரும்பலாம். ஜி.பி.எஸ். புள்ளியோடு பின்னிணைப்பில் போடாதீர்கள். பெரிய வட்டமாகப் போடுங்கள், பெயரும் படகு எண்ணும் எங்கேயும் வரக்கூடாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்டாலே சிலர் எழுந்து போய்விடுவார்கள். வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்ய நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், என்ன கேட்பார்கள்? ரூபாய்க் கணக்கு ஏன் இல்லை என்று கண்டிப்பாக வரும். ரூபாய்க் கணக்கு தப்பு என்று வாதாடாதீர்கள், தேர்வாளரே அந்தக் கணக்குப் போட்டவராக இருக்கலாம். மீனுக்கும் பாசிக்கும் சந்தை விலை இருக்கிறது, அதை ஒரு அட்டவணையில் கொடுத்திருக்கிறேன், சாவு வீட்டன்று படகு இறங்காததை அந்த அட்டவணையில் சேர்த்தால் வெறும் நட்டமாகத்தான் தெரியும், அதனால் தனியாக வைத்தேன் என்று சொன்னேன். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. ஆட்கள் குறைவாக இருக்கிறார்களே என்று கேட்டால், புதிதாக ஒன்றும் வராமல் போகிற வரைக்கும் பேட்டி எடுத்தேன் என்பதைக் களக்குறிப்பைத் திறந்து காட்டுங்கள், தேதியோடு எழுதி வைத்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

பணம், தங்கல் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: ராமேஸ்வரத்தைவிட மண்டபத்தில் தங்குவது சுலபம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் அங்கேதான், இரண்டு கடலும் பக்கம். சதுப்புநிலக்காட்டையும் சேர்த்துக்கொள்ள ஆசை இருந்தால் தொண்டி சாலையில் காரங்காடு இருக்கிறது, சுற்றுலாவில் ஊர்ப் பெண்களும் வேலை செய்கிறார்கள், ஒப்பிட்டு எழுத நல்ல இடம். பாசிக்குப் போகிற நாட்களும் ராமேஸ்வரத்துக்குக் கூட்டம் வருகிற நாட்களும் அமாவாசையில் ஒன்றாக விழும், ஆடி, தை என்றால் கேட்கவே வேண்டாம், பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.