மொய் நோட்டும் துந்துபி வருஷமும்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு கூட்டம் நடக்கிறது. “உங்கள் வீட்டுப் பழைய தாள்களைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்” என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியிருப்போம். முதல் மாதம் நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் சைக்கிளில் இரண்டு கட்டுச் செய்தித்தாளோடு வந்து நின்று, “கிலோ என்ன வெலைக்கு எடுக்கிய, அண்ணாச்சி?” என்றார். அவரையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தோம். இப்போது கூட்டத்தன்று நாற்காலி எடுத்துப் போடுவது அவர்தான்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்த்த வரிசையில் 33 வருஷம் பத்திரம் எழுதினவன் நான். பழைய கையெழுத்து படிக்க வரும். வேறு தகுதி ஒன்றும் கிடையாது. வாசகர் வட்டத்தில் ஆறு பேர் உட்கார்ந்து ஒருவர் கவிதையை இன்னொருவர் பாராட்டிக்கொண்டிருந்த நாட்களில், சும்மா இருக்கிறேனே, இதைச் செய்தால் என்ன என்று நூலகரிடம் கேட்டேன். “மேசை இருக்கு, மின்விசிறி இருக்கு, நடத்துங்க” என்றார்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே ஆசை. தன் பாட்டனார் ஏதாவது ஒரு ஜமீனுக்குச் சொந்தம் என்று யாராவது சொல்ல வேண்டும். நெல்லைச் சீமையில் ஊத்துமலை, சிவகிரி, சிங்கம்பட்டி, சொக்கம்பட்டி என்று ஜமீன்களுக்குக் குறைவில்லைதான். ஆனால் ஒரு ஜமீனுக்கு ஒரு ஜமீன்தார்தான் இருந்திருப்பார். மற்ற எல்லோரும் வயலில் நின்றிருப்பார்கள். இதைச் சொன்னதும் சிலர் அடுத்த மாதம் வருவதில்லை. சாதிப் பெருமை பேசத் தொடங்கினால் மின்விசிறியை நிறுத்திவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சித்திரை, வைகாசியில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

சரி, துந்துபி கதைக்கு வருகிறேன். ஒரு பெரியவர் தங்கள் தோட்டத்துக் கிணற்றுக் கல்லைப் பேரனின் செல்போனில் படம் எடுத்து வந்தார். “துந்துபி வருஷம் ஆவணி மாதம்” என்று வெட்டியிருந்தது, அவ்வளவுதான். பூட்டனார் தோண்டிய கிணறு, 1862 என்றார். வீட்டில் பரம்பரையாக அப்படித்தான் பேச்சாம். தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும். 1862-லும் துந்துபி, 1922-லும் துந்துபி, 1982-லும் துந்துபி. கல்லுக்கு எந்தத் துந்துபி என்று சொல்லத் தெரியாது. “அந்தத் தோட்டத்துப் பத்திரம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டு அனுப்பினேன்.

அடுத்த மாதம் மஞ்சள் பைக்குள் பாலித்தீன் கவர், அதற்குள் வேட்டித் துணி, அதற்குள் பத்திரம் என்று கொண்டுவந்தார். மடிப்பு மடிப்பாக ஒடிந்திருந்தது. யாரோ புண்ணியவான் செலோ டேப் வேறு ஒட்டியிருக்கிறார். (தயவுசெய்து ஒட்டாதீர்கள். லாமினேஷனும் செய்யாதீர்கள். பத்து வருஷத்தில் பசை பழுத்து, எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.) தலைப்பில் ௲௯௰௮ என்று இருந்தது. மேசையைச் சுற்றி நின்ற கல்லூரிப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு விதமாகப் படித்தார்கள். ‘ய’ மாதிரி இருப்பது பத்து, ‘அ’ மாதிரி இருப்பது எட்டு, ‘கூ’ மாதிரி இருப்பது ஒன்பது, முதலில் நிற்பது ஆயிரம் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு, எல்லாம் கூட்டினால் 1098. “அண்ணாச்சி, சோழர் காலமா?” என்றான் ஒருவன்.

அது கொல்லம் ஆண்டு, மலையாள வருஷக் கணக்கு. எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் அதுதான் ஓடும். ஆவணி ஒன்றாம் தேதி பிறக்கும். ஆவணி முதல் மார்கழி பாதி வரைக்கும் 824-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும், அதற்கப்புறம் 825. பத்திரம் ஆவணி மாதத்தது, அதனால் 1922. துந்துபி வருஷம் அதுவேதான். போதாக்குறைக்கு முத்திரைத்தாளின் உச்சியில் ஐந்தாம் ஜார்ஜ் தாடியோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் பட்டத்துக்கு வந்ததே 1910-ல். காட்டு நிலம் என்றுதான் கிரயம் ஆகியிருக்கிறது, கிணறு பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிலம் வாங்கிய கையோடு கிணற்றைத் தோண்டி, கல்லில் வருஷத்தை வெட்டியிருக்கிறார்கள்.

பெரியவர் முகம் வாடிவிட்டது. ஒரு நிமிஷத்தில் குடும்பத்துக்கு அறுபது வயது குறைந்தால் யாருக்குத்தான் வாடாது. “அப்பம் தோண்டினது பூட்டன் இல்ல, எங்க தாத்தாவா?” என்றார். தாத்தாவை அவர் பார்த்திருக்கிறார். சின்ன வயதில் அவர் கையால் கருப்பட்டி வாங்கித் தின்றிருக்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கையெல்லாம் காய்ப்பு காய்ப்பா இருக்கும்” என்றார்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கமும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். மாடசாமி மகன் சுடலைமுத்து, சுடலைமுத்து மகன் மாடசாமி, அவர் மகன் மறுபடியும் சுடலைமுத்து என்று போய்க்கொண்டே இருக்கும். பத்திரத்தில் இருப்பது எந்த மாடசாமி என்று தீர்க்க, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களை வைத்துத்தான் காலம் கணிக்க வேண்டியிருக்கிறது. பள்ளிச் சான்றிதழை நம்பாதீர்கள். வாத்தியார் தயவில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள்.

பத்திரத்தில் என் பிரியமான இடம் நான்கெல்லை சொல்லும் பகுதி. இன்னார் தோட்டத்துக்கு மேற்கு, ஓடைக்குத் தெற்கு என்று வரும். ஒன்பது பத்திரங்களின் எல்லைகளை ஒரு சார்ட் தாளில் வரைந்து பார்த்தோம். இன்றைக்கு இல்லாத ஓர் ஓடை, நேராக இப்போதைய கல்யாண மண்டபத்துக்குக் கீழே ஓடுகிறது. 2023 டிசம்பர் மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருவும் அதுதான்.

ஆனால் இத்தனை பத்திரத்திலும் பெண்களைத் தேடிப் பாருங்கள். இன்னார் குமாரர், அவர் குமாரர் என்றே போகும். பெற்றவள் பெயர் இருக்காது. ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் எழுதிய கணக்கிலும் அப்படித்தான், 1980-ல் கர்ணம் பதவியை எடுத்த பிறகு வந்த கணக்கிலும் பெரிய மாற்றமில்லை. 1989-ல் தமிழ்நாட்டில் அதுவரை கல்யாணமாகாத மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. அப்புறம்தான் பெண்கள் வரிசையாக என் திண்ணைக்கு வந்தார்கள், பங்கு வேண்டாம் என்று அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க. நானே எத்தனை எழுதியிருப்பேன்! “விருப்பத்தோடுதானே கொடுக்கிறே, தாயி?” என்று கேட்பேன். தலையாட்டுவார்கள். இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு அந்தக் குடும்பத்துப் பேத்திகள் வம்சாவளி கேட்டு வரும்போது, அத்தையின் முழுப்பெயர் கிடைப்பது அந்தத் தாளில் மட்டும்தான். எனக்கு அந்தத் தாளை எடுத்துக் காட்டக் கூச்சமாக இருக்கிறது.

மொய் நோட்டு வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டேன். ஓர் அக்கா தன் அம்மா கல்யாணத்து நோட்டைக் கொண்டுவந்தார். பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள் கறை, ரூ. 1-4-0, ரூ. 2-0-0 என்று அணாக் கணக்கு. அதாவது பெரும்பாலும் நயா பைசா வந்த 1957-க்கு முந்தையது. முதல் வரியே தாய்மாமன். ஊர்ப் பெயரோடு. தாய்மாமன் ஊர் தெரிந்தால் பெண்ணைப் பெற்றவளின் பிறந்த ஊர் தெரிந்துவிட்டது. அந்த ஊரில் அந்த மாமன் வீட்டு மொய் நோட்டைப் பிடித்தால் இன்னொரு தலைமுறைக்கு மேலே போகலாம். பத்திரம் அப்பன் வழியில் போகிறது, மொய் நோட்டு ஆத்தாள் வழியில் போகிறது. இந்த வேலைக்கு எது உசத்தி என்று கேட்டால், பத்திரம் எழுதிப் பிழைத்த நான் மொய் நோட்டைத்தான் சொல்வேன்.

இரண்டும் இல்லாதவர்களும் வருகிறார்கள். போன மாசியில் ஒரு அம்மா வந்தார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக, ஒன்பது வயதில் இங்கே வந்திருக்கிறார். அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை கிடைத்தது. நிலம் இல்லை, பத்திரம் இல்லை, மொய் நோட்டு எங்கே போயிற்றோ. தாத்தா சொல்லிக்கொண்டிருந்த ஒரு அய்யனார் பெயரும், “கோயிலுக்குப் பின்னால சுனை” என்ற ஒரு வாக்கியமும் மட்டும் இருந்தன. மலையில் இருந்த காலம் முழுக்க பங்குனி உத்திரத்துக்கு அந்தத் திசை பார்த்துத் தேங்காய் உடைப்பாராம் தாத்தா.

எங்கள் பக்கம் பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் அவரவர் சாஸ்தா கோயிலுக்கு, அதாவது அய்யனார் கோயிலுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பெயரில், பின்னால் சுனையோடு இருக்கும் கோயிலுக்கு நாங்கள் ஐந்து பேர் அந்த அம்மாவோடு வேன் பிடித்துப் போனோம். சர்க்கரைப் பொங்கல் புகைக்கு நடுவே கோயில் வரி வாங்குகிற பெரியவரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். பழைய வரி நோட்டை எடுத்துவரச் சொன்னார். தலைக்கட்டு வாரியாகப் பெயர், எதிரே கட்டிய தொகை. மூன்று பெயர்களுக்கு எதிரே தொகை இல்லை. “கண்டி” என்று மட்டும் எழுதி, வருஷா வருஷம் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

தாத்தாவின் பெயர் அந்த மூன்றில் எதுவும் இல்லை. அவருடைய அப்பா பெயர் என்ன என்று கேட்டேன், அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. வெகுநேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இடுப்பில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, இந்த வருஷ வரி எவ்வளவு என்று கேட்டார். எந்த வீட்டுக் கணக்கில் எழுத என்று பெரியவர் பேனாவைத் திறந்தார்.

“மூணு வீட்டுக்கும் எழுதிக்கோங்க ஐயா” என்றார் அந்த அம்மா.